நாய் ஏன் சொறிகிறது?

சொறிநாய் என்பது நம்மிடையே ஒரு வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. பெண்ணாடம் கடைத்தெருவிலோ ரயிலடியிலோ அப்படி ஒரு நாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முடியெல்லாம் கொட்டி, தோல் தடித்து மடிப்பு மடிப்பாகி, காதோரம் பொருக்குத் தட்டி, நின்ற இடத்தில் நில்லாமல் பின்னங்காலால் சொறிந்துகொண்டே இருக்கும். பார்ப்பவர்கள் கல்லெடுப்பார்கள். ஆசையாக வளர்த்த வீட்டு நாய்க்கே இந்த நிலை வந்தால், சாக்கில் போட்டுக் கட்டி வெள்ளாற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. மாணவர்களே, இவ்வளவு தண்டனையும் எதற்காக? பெரும்பாலும், கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் அந்த நாயின் தோலில் குடியேறிவிட்டதற்காக! அந்த உயிரை இன்று சில வாரங்களில் ஒழித்துவிட முடியும்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துபவன். கால்நடை மருத்துவன் அல்லன். ஆனால் நாயின் அரிப்பைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் அங்கே முடுக்கமும் மீள்திறனும் புற ஊதாக் கதிரும் எதிர்ப்படுகின்றன. ஆகவே இந்தப் பொருளில் நானும் தலையிடலாம் அல்லவா?

காய்ச்சல் எப்படிப் பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறியோ, அப்படித்தான் அரிப்பும். தோலின் மெல்லிய நரம்பு நுனிகளை ஏதோ ஒரு வேதிப்பொருள் தூண்டுகிறது, அந்தத் தூண்டல் தண்டுவடம் வழியாக மூளைக்குப் போகிறது, நாய் சொறிகிறது. சொறியும்போது உண்டாகும் வலி, அரிப்பு உணர்வைச் சற்று நேரம் அமுக்கிவிடுகிறது. அதனால்தான் சொறிவது சுகமாக இருக்கிறது. ஆனால் நகம் பட்ட இடம் புண்ணாகும். புண்ணில் பாக்டீரியா பெருகும். அது மேலும் அரிக்கும். மனிதனின் மேல்தோலில் சுமார் 10 முதல் 15 அடுக்குச் செல்கள் இருக்கின்றன. நாயின் மேல்தோலில் 3 முதல் 5 அடுக்குகள்தாம். முடிதான் அதற்குப் போர்வை. முடி கொட்டிவிட்டால் நாயைப் போல் நிராதரவான பிராணி வேறு இல்லை.

முதல் குற்றவாளியைப் பிடிக்க ஒரு சிறு சோதனை சொல்கிறேன். உங்கள் வீட்டு நாயை ஒரு வெள்ளைத் தாளின் மேல் நிறுத்தி, வாலின் அடிப்பகுதியில் முடியை எதிர்த்திசையில் சீப்பால் வாருங்கள். மிளகுத்தூள் போல் கரும்பொடி உதிர்கிறதா? அந்தப் பொடியின் மேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள். பொடியைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் கசிந்தால் அது மண் அன்று; தெள்ளுப்பூச்சியின் கழிவு. நாயின் இரத்தம்தான் காய்ந்து அப்படி ஆகியிருக்கிறது. பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படாவிட்டாலும் இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

தெள்ளுப்பூச்சி கண்ணில் படாததற்குக் காரணம் அதன் பாய்ச்சல். இராபர்ட் ஹூக் 1665இல் வெளியிட்ட நுண்ணோக்கிப் படங்களில் மிகப் புகழ்பெற்றது இந்தப் பூச்சியின் படம்தான். மீள்திறன் பற்றிய ஹூக்கின் விதியைப் பாடத்தில் படித்திருப்பீர்கள், அதே ஹூக்! ஆனால் தான் வரைந்த பூச்சி அந்த மீள்திறனைக் கொண்டுதான் தாவுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. 1967இல் பென்னெட்-கிளார்க், லூசி என்ற இருவர் முயல்களின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியின் தாவலை அளந்தார்கள். பூச்சி நின்ற நிலையிலிருந்து நொடிக்கு 1 மீட்டர் வேகத்தை எட்ட எடுத்துக்கொண்ட நேரம் 0.75 மில்லிநொடி. இப்போது நீங்களே கணக்குப் போடுங்கள். வேகத்தை நேரத்தால் வகுத்தால் முடுக்கம் ஏறக்குறைய 1330 மீ/நொடி². புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 135 மடங்கு! விண்வெளிக்குச் செல்லும் ராக்கெட்டில் மனிதர்கள் தாங்குவது வழக்கமாக மூன்று, நான்கு மடங்குதான்.

எந்தத் தசையாலும் இவ்வளவு குறைந்த நேரத்தில் அவ்வளவு ஆற்றலைக் கொடுத்துவிட முடியாது. உண்டிவில்லை நினைத்துக்கொள்ளுங்கள். ரப்பரை மெதுவாகத்தான் இழுக்கிறீர்கள். விடும்போது கல் பறக்கிறது. கை கொடுத்த ஆற்றல் ரப்பரில் நிலை ஆற்றலாகத் தங்கி, நொடிப்பொழுதில் இயக்க ஆற்றலாக மாறுகிறது. தெள்ளுப்பூச்சியின் பின்னங்கால்களுக்கு மேலே ரெசிலின் என்ற புரதத்தாலான ஒரு சிறு திண்டு இருக்கிறது. ரப்பரையும் மிஞ்சும் மீள்திறன் உடையது அது. வெட்டுக்கிளியின் இறக்கை மூட்டில் வைஸ்-ஃபோ என்ற அறிஞர் 1960இல் முதலில் கண்டறிந்த பொருள். பூச்சி தன் தசையால் அந்தத் திண்டை அமுக்கிப் பூட்டி வைத்துக்கொள்கிறது. பூட்டைத் திறந்ததும் பாய்ச்சல்! அந்த விசை எந்த வழியாகத் தரைக்குப் போகிறது என்ற சர்ச்சை மட்டும் 2011 வரை நீடித்தது. கேம்பிரிட்ஜில் சட்டன், பர்ரோஸ் ஆகியோர் அதிவேகப் படமெடுத்து, பூச்சி முழங்காலால் அல்லாமல் பாதத்தால்தான் தரையை உதைக்கிறது என்று காட்டினார்கள்.

இந்தப் பாய்ச்சல் எதற்கு? தரையிலிருந்து நாயின் மேல் ஏறத்தான். ஏறிய பூச்சி பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். ஆனால் அதன் முட்டைகள் தங்குவதில்லை. ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் இடும். அவை ஒட்டும் தன்மை இல்லாதவை. நாய் படுத்த இடம், நடந்த இடமெல்லாம் உதிரும். பத்துப் பெண் பூச்சிகள் இருந்தால் ஒரு மாதத்தில் 12,000 முட்டைகள்! அவற்றிலிருந்து வரும் புழு வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கும். கட்டிலடி, மண் தரை, சாக்கு மடிப்பு, திண்ணை இடுக்கு என்று இருளும் ஈரப்பதமும் உள்ள இடம் தேடிப்போய், தாய்ப்பூச்சியின் காய்ந்த கழிவைத் தின்று வளரும். பிறகு கூடு கட்டி உள்ளே காத்திருக்கும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து பூட்டிய வீட்டைத் திறந்ததும், நாயே இல்லாத வீட்டில் காலெல்லாம் பூச்சி ஏறுகிறதே, அது ஏன்? உங்கள் காலடி அதிர்வும் உடல் வெப்பமும் நீங்கள் விடும் கரியமில வாயுவும் கூட்டுக்குள் பல வாரங்களாகக் காத்திருந்த பூச்சிகளை எழுப்பிவிட்டன.

ஒரு வீட்டிலுள்ள மொத்தத் தெள்ளுப்பூச்சிக் கூட்டத்தில், நாயின் மேல் இருக்கும் வளர்ந்த பூச்சிகள் நூற்றுக்கு ஐந்துதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மீதி 95 பங்கு முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுக்குள்ளும் வீட்டில் இருக்கின்றன. நாயை மட்டும் வாரம் தவறாமல் குளிப்பாட்டிவிட்டு, "எவ்வளவு செய்தும் போகவில்லையே" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் அந்த ஐந்து பங்கோடு மட்டும் மல்லுக்கட்டுகிறார்கள். நாய்க்கு மருந்து போடும் அதே நாளில் அது படுக்கும் சாக்கைக் கொதிநீரில் அலசிச் சுடு வெயிலில் உலர்த்த வேண்டும். இண்டு இடுக்கெல்லாம் பெருக்கிக் குப்பையை எரிக்க வேண்டும். புழு வறட்சியைத் தாங்காது. நம் ஊர்ச் சித்திரை வெயில் இந்த விஷயத்தில் நல்ல மருந்து.

இன்னொரு செய்தி. சில நாய்களுக்குத் தெள்ளுப்பூச்சியின் உமிழ்நீர் ஒவ்வாது. அப்படிப்பட்ட நாயை ஒன்றிரண்டு பூச்சிகள் கடித்தாலே போதும், முதுகின் பின்பாதி முழுவதும் பல நாட்கள் அரித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து உண்ணி. இது பூச்சியினம் அன்று. எட்டுக்கால் உடைய, சிலந்தியின் உறவினர். நம் பகுதி நாய்களின் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் மொய்ப்பது பழுப்பு நாய் உண்ணி. பசித்த நிலையில் எள்ளளவு இருப்பது, இரத்தம் குடித்து முடித்ததும் ஆமணக்கு விதை போல் உப்பிவிடும். ஆமணக்கின் தாவரவியல் பெயரான ரிசினஸ் என்பதே இலத்தீன் மொழியில் உண்ணியைக் குறிக்கும் சொல்தான்! நிறைந்த பெண் உண்ணி நாயிலிருந்து கழன்று விழுந்து, சுவரின் மேல் ஏறி, ஒரு விரிசலைக் கண்டுபிடித்து, அதற்குள் 4,000 முட்டைகள் வரை இடும். வாழ்நாளில் மூன்று முறை இரத்தம் குடிக்கும். ஒவ்வொரு முறையும் கீழிறங்கிச் சுவருக்குள் ஒளிந்து உருமாறும். அப்படியானால் உண்ணியின் வீடு நாயா, சுவரா? வாழ்நாளின் பெரும்பகுதியைச் சுவரில்தான் கழிக்கிறது. நாய்க்குடிலின் சுவர் விரிசல்களையும் நிலைப்படி இடுக்குகளையும் சுண்ணாம்பு, சிமெண்டு கொண்டு அடைப்பது பாதி வைத்தியம். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் ஒருமுறை சுட்ட மண்ணின் மேல் பளபளப்பான பூச்சுக் கொடுத்து மீண்டும் சுட்டுத் துளைகளையெல்லாம் மூடிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட ஓடு பதித்த சுவரில் உண்ணி ஒளிய இடமே இராது. ஆனால் நாய்க்குடிலுக்கு யார் ஓடு பதிக்கப் போகிறார்கள்!

உண்ணியை விரலால் நசுக்காதீர்கள். தீக்குச்சியால் சுடுவதும் வேண்டாம். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெல்ல இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். உண்ணி அரிப்போடு நிற்பதில்லை. நாயின் இரத்த அணுக்களைத் தாக்கும் காய்ச்சல் கிருமிகளையும் அது பரப்பும். உண்ணி மொய்த்த நாய் தீனி எடுக்காமல் சோர்ந்து படுத்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி, நாம் முதலில் பார்த்த அந்தக் கடைத்தெரு நாய்க்கு வருவோம். அதன் தோலுக்குள் இருப்பது பெரும்பாலும் உண்ணியின் மிகச் சிறிய உறவினரான சொறிப்பூச்சி. நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டி அதற்குள்ளேயே முட்டையிடும். மனிதருக்குச் சொறி சிரங்கு உண்டாக்கும் பூச்சியும் இதே இனத்தின் வேறொரு வகைதான்.

இந்தப் பூச்சியின் வரலாறு விசித்திரமானது. 1687இல் இத்தாலியில் போனோமோ என்ற மருத்துவர், சிரங்கு பிடித்த குழந்தைகளின் தோலிலிருந்து தாய்மார்கள் ஊசி முனையால் ஏதோ ஒன்றைக் குத்தியெடுப்பதைக் கவனித்தார். தம் நண்பர் செஸ்டோனியோடு சேர்ந்து அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உயிருள்ள ஒரு பிராணி நெளிந்தது! சிரங்குக்குக் காரணம் இதுவே என்று எழுதினார். ஆனால் கெட்ட இரத்தமே காரணம் என்று நம்பிய மருத்துவ உலகம் அதை ஏற்கவில்லை. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1834இல் ரெனூச்சி என்ற கார்சிகா தீவு மாணவர், பாரிஸ் நகரில் பேராசிரியர்கள் கண்முன்னே ஊசியால் அந்தப் பூச்சியை எடுத்துக் காட்டிய பிறகுதான் வாதம் முடிந்தது. தம் ஊர்ப் பெண்கள் எடுப்பதைப் பார்த்துத்தான் அவரும் கற்றிருந்தார்.

நம் ஊரிலும் இரத்தம் கெட்டதுதான் காரணம் என்பார்கள். சோற்றில் உப்புப் போட்டதால் வந்தது, கருவாடு தின்றதால் வந்தது என்பார்கள். உணவு ஒவ்வாமையால் அரிப்பு வரும் நாய்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் உப்பிலிருந்து எட்டுக்கால் பூச்சி பிறக்காது.

சொறிப்பூச்சியில் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, மேலே சொன்ன சார்கோப்டிஸ். காது விளிம்பிலும் முழங்கை மூட்டிலும் தொடங்கும். தாங்க முடியாத அரிப்பு. ஒரு நாயிடமிருந்து மற்றொன்றுக்கு விரைவில் தொற்றும். அந்த நாயைக் கட்டிப்பிடித்து விளையாடும் பிள்ளைகளின் கையிலும் இடுப்பிலும்கூடச் சிவந்த தடிப்புகள் தோன்றும். நாய் குணமானால் அவையும் மறைந்துவிடும். மற்றொன்று டெமோடெக்ஸ். சுருட்டு வடிவத்தில் முடிக்குழிக்குள் வாழ்வது. நல்ல நாய்களின் தோலிலும் ஒன்றிரண்டு இருக்கும்; பிறந்த சில நாட்களில் பாலூட்டும் தாயிடமிருந்து குட்டிக்கு வந்து சேர்வது. குட்டியின் எதிர்ப்பாற்றல் குறையும்போது மட்டும் பெருகி, கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் வட்ட வட்டமாக முடியைக் கொட்டச் செய்யும். தொடக்கத்தில் அரிப்பே இராது. மனிதருக்கும் தொற்றாது. பார்வைக்கு இரண்டும் "சொறி"தான். ஆனால் முதலாவதற்கு வீட்டிலுள்ள எல்லா நாய்களுக்கும் மருந்து வேண்டும். இரண்டாவதற்கு அந்தக் குட்டியின் உடல்நலம் குன்றியது ஏன் என்று பார்க்க வேண்டும்.

மருந்து உண்டா? உண்டு. ஜப்பானில் ஒமுரா என்பவர் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரைக் கொண்டு, அமெரிக்காவில் கேம்பல் என்பவரின் குழு உருவாக்கிய ஐவர்மெக்டின் 1981இல் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்தது. இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது அதைவிடப் புதிய மாத்திரைகளும் இருக்கின்றன. ஆனால் மாட்டுக்கு வாங்கி வைத்த ஊசி மருந்தை நாய்க்குப் போடும் வேலை வேண்டவே வேண்டாம். அளவு எடைக்கு எடை மாறும். கோலி போன்ற சில இன நாய்களின் மூளைக்குள் அந்த மருந்து தடையின்றிப் புகுந்து உயிருக்கே உலை வைத்துவிடும்.

இதைவிட மோசம், வீட்டு வைத்தியம் என்ற பெயரில் நடப்பவை. மண்ணெண்ணெய் தடவுகிறார்கள், லாரிப் பட்டறையிலிருந்து கழிவு ஆயில் வாங்கிவந்து பூசுகிறார்கள். ஏற்கெனவே புண்ணான தோலை அவை பொசுக்குகின்றன. நாய் நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகின்றன. பூனையின் நிலை இன்னும் பரிதாபம். பூனையின் கல்லீரல் சில பொருள்களை முறிக்கும் திறனற்றது. நாய்க்குத் தடவும் பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு நஞ்சு. நாம் தலைவலிக்குப் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

பூனை என்றதும் படர்தாமரை நினைவுக்கு வருகிறது. இது பூச்சியன்று, பூஞ்சணம். நடுவிலிருந்து வெளியே பரவி, நடுப்பகுதி ஆறிக்கொண்டே வருவதால் வட்டமாகத் தெரியும். பூனைக்குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சும் சிறுவர்களுக்கு எளிதில் தொற்றும். இதைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் விளக்கு ஒன்றை அமெரிக்க இயற்பியலார் இராபர்ட் உட் 1903இல் உருவாக்கினார். நிக்கல் ஆக்சைடு கலந்த கருங்கண்ணாடி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை நிறுத்திவிட்டு, 365 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய புற ஊதாக் கதிரை மட்டும் விடும். இருட்டறையில் அந்தக் கதிர் பட்டால், பூஞ்சணம் பற்றிய முடிகள் ஆப்பிள் பச்சை நிறத்தில் ஒளிரும்! கண்ணுக்குத் தெரியாத கதிரை வாங்கி, அதைவிட நீண்ட அலைநீளத்தில் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருவதை உடனொளிர்தல் என்கிறோம். இந்த விளக்கு படர்தாமரைக்குப் பயன்படும் என்பது 1925இல் தெரியவந்தது. எல்லாப் பூஞ்சண வகையும் ஒளிர்வதில்லை. ஆகவே ஒளிராவிட்டால் நோயில்லை என்று முடிவு கட்டக்கூடாது. உட் நமக்கு வேறு வகையிலும் வேண்டியவர். 1928இல் நம் சர் சி. வி. இராமன் தம் விளைவைக் கண்டறிந்தபோது, அதைத் தாமும் செய்து பார்த்து உண்மை என்று அதே ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர்களில் அவரும் ஒருவர்.

புற ஊதாக் கதிருக்கு மறுபக்கமும் உண்டு. 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற நம் இராஜபாளையம் நாயைப் பாருங்கள்: பால் வெள்ளை முடி, இளஞ்சிவப்பு மூக்கு. அத்தகைய தோலில் கதிரை உறிஞ்சும் மெலனின் குறைவு. நண்பகல் வெயிலில் கட்டிப்போட்டால் மூக்கும் காது நுனியும் வெந்து சிவக்கும். நிழல்தான் அதற்கு மருந்து.

இதைப் படித்த வேகத்தில் தெருநாயைப் பிடித்துச் சோதிக்கப் போய்விடாதீர்கள். வலியிலிருக்கும் நாய் கடிக்கும். வெறிநோய் வந்தபின் அதற்கு மருந்து இல்லை. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். தெருநாய்க்கு உதவ விரும்பினால் பெரியவர்களை அழைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் சொந்த நாயை அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோகும்போது சில விவரங்களைக் குறித்துக்கொண்டு போங்கள். அரிப்பு முதலில் வந்ததா, முடி கொட்டியது முதலில் வந்ததா? எந்த இடத்தில் தொடங்கியது? வீட்டில் வேறு யாருக்காவது, மனிதர் உட்பட, அரிக்கிறதா? இதுவரை என்ன தடவினீர்கள்? மருத்துவர் ஒரு மழுங்கிய கத்தி முனையால் தோலைச் சுரண்டி, அந்தப் பொருக்கைக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு எண்ணெயோடு வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். நீங்களும் ஒருமுறை பார்க்கலாமா என்று கேளுங்கள். அனுமதி கிடைத்தால், குட்டைக் கால்களோடு வட்டமாக ஒன்று ஊர்வதா, சுருட்டுப் போல் நீண்டதா என்று உங்கள் கண்ணாலேயே வேறுபாட்டைக் காணலாம்.